பொம்மை மழையும் பூவரசந்தடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2014, 2018 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற யப்பானியப் பனிச்சறுக்கு நடன வீரர் யுசுரு ஹன்யு ஆடி முடித்ததும் இரசிகர்கள் வீசிய கரடிப் பொம்மைகளால் பனித்தரை மஞ்சளானதைக் கைபேசியில் பார்த்து, பனியே காணாத எங்கள் பிள்ளைகளும் பரவசப்படுகிறார்கள், அதில் பிழையில்லை. ஆயினும், 2012இல் ஒசாகாவில் பயிற்றுநரின் தாக்குதல்களுக்கு உள்ளான பாடசாலைக் கூடைப்பந்து அணித்தலைவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், தேசிய அணிப் பயிற்றுநரின் வன்முறைக்கு எதிராக 15 யூடோ வீராங்கனைகள் முறையிட்டது 2013இல் அம்பலமானதும் அதே நாட்டில்தான். (ஹன்யுவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை, பதக்கத்தைக் கொண்டாடும் நாம் பயிற்சிக் கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்பதே என் குறை.)

வன்னி மைதானங்களிலும், வலயமட்டப் போட்டி நெருங்கினால் பிந்தி வரும் பிள்ளையின் கெண்டைக்காலில் பூவரசந்தடி விழுவதைப் பெற்றோரே வேலியோரம் நின்று ஆமோதிப்பதுண்டு. பயிற்றுநர் மீதான முறைப்பாட்டை அந்தப் பாடசாலைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்கக் கல்வித் திணைக்களம் ஒழுங்கு செய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.