வைஃபையை நிறுத்துவதற்கு முன்னால்

கிறிஸ்துவுக்குள் அன்பான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து வைஃபையையே நிறுத்திவிடப் போவதாகவும், போன்களைப் பீரோவில் வைத்துப் பூட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். போனைத் திருப்பிக் கேட்டால் பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், சின்னவளுக்கு வீடியோ ஓடாவிட்டால் ஒரு வாய் இறங்குவதில்லை, அண்ணன் வேலை முடிந்து வந்தும் கையில் போனோடுதான் இருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்தேன். உன் பாரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பீரோ யோசனையை மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

மத்தேயு 12-ம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறாரே, ஞாபகம் இருக்கிறதா? அசுத்த ஆவி வெளியே போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. அது போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. போனைப் பிசாசு என்று சொல்லவில்லை. அந்த வெறுமையைத்தான் சொல்கிறேன். போன் போன இடத்தில் என்ன வரப்போகிறது என்று யோசிக்காமல் பிடுங்கிவிட்டால், பிள்ளைகள் முன்பைவிட வெறியோடு அதைத் தேடுவார்கள். உன் வீட்டில் கிடைக்காவிட்டால் நண்பன் வீட்டில் பார்ப்பார்கள். அதனால் எதை எடுப்பது என்பதைவிட எதை வைப்பது என்பதைத்தான் நாம் முதலில் பேச வேண்டும்.

நான் முதலில் வைக்கச் சொல்வது உன் முகத்தையும் அண்ணனுடைய முகத்தையும். எண்ணாகமம் 6-ல் ஆசாரியர்கள் ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கர்த்தரே சொல்லிக்கொடுக்கிறார்: "கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்." ஆராதனை முடிவில் எத்தனை தடவை இதைக் கேட்டிருப்போம்! ஆசீர்வாதம் என்றாலே அவருடைய முகம் நம் பக்கம் திரும்புவதுதான். மாற்கு 10-ல் அந்த ஐசுவரியவான் முழங்கால்படியிட்டுக் கேள்வி கேட்டபோது, "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்றுதான் இருக்கிறது. முதலில் பார்த்தார். அதே அதிகாரத்தில்தான் சீஷர்கள் தடுத்த பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தார். சிலுவையை நோக்கி எருசலேமுக்குப் போகிற வழியில் இருந்தவர், இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் இல்லை என்று சொல்லவில்லை.

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் தன் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று சில நிமிடம் எந்தச் சலனமும் இல்லாத முகத்தோடு உட்காரச் சொல்வார்கள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும். தாயின் முகம் அசையாவிட்டால் கடைசியில் தவித்துப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் எங்கேயும் போகவில்லை, எதிரில்தான் இருக்கிறாள். ஆனாலும் குழந்தையால் தாங்க முடியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே "ம், சொல்லு" என்கிற நம் முகமும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எத்தனை மணி நேரம் திரை பார்க்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். அவர்கள் பேச வரும்போது நம் முகம் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெரியவனைப் பற்றி ஒன்று. அவனுக்கு மன உறுதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பழியை அவன் தலையில் மட்டும் போடாதே. கீழே தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கிறதே அந்தப் பக்கம், அதை 2006-ல் வடிவமைத்த ஏஸா ரஸ்கின் என்பவரே பிறகு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், அங்கே நிறுத்தலாம். இதில் நிறுத்த இடமே கிடையாது. அடுத்தது நன்றாக இருக்குமோ என்ற ஆசைதான் விரலை நகர்த்துகிறது. பெரியவர்களே தடுமாறுகிற இடத்தில் 13 வயதுப் பையன் என்ன செய்வான்? "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற பவுலின் வார்த்தையை அவனிடம் அதட்டலாகச் சொல்லாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இது எப்படி இழுக்கிறது என்று காட்டிச் சொல். இந்த வயதுப் பிள்ளைகள், தங்களை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் தாங்களே விழித்துக்கொள்வார்கள். தானாக அடுத்த வீடியோ ஓடுவதை செட்டிங்ஸில் அவனையே நிறுத்தச் சொல்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். பெரிய திட்டம் எதுவும் இல்லை. இரவில் எல்லார் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கும். எல்லார் போனும் என்றால் எங்கள் இரண்டு பேருடையதும் சேர்த்துத்தான். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறோம். படுக்கைக்குப் போகும் நேரத்தில் திரை வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும், அது ஒரு காரணம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிற நேரத்தில்தான் பார்க்கக் கூடாதவை பிள்ளைகளைத் தேடி வருகின்றன என்பது இன்னொரு காரணம். இதைப் பையனிடம் அண்ணன் வெளிப்படையாகப் பேசட்டும். அவனுக்குத் தெரியாமல் போனை நோண்டிப் பார்ப்பதைவிட அது நல்லது.

அப்புறம் குடும்ப ஜெபத்தில் அச்சிட்ட வேதாகமம்தான். போனில் வேதம் வாசிப்பது பாவம் இல்லை, பயணத்தில் நானும் வாசிக்கிறேன். ஆனால் சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு செய்தி இறங்கும், கண் அங்கே போகும், மனதும் கூடவே போய்விடும். இப்போது ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிக்கிறோம். போன வாரம் தானியேல் மூன்றாம் அதிகாரம். எங்கள் கடைக்குட்டி விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தான். "நேபு... நேபுகா..." என்று நின்றுவிட்டான். அத்தை கண்ணை மூடியபடியே "காத்" என்றார். இவன் "காத்" என்றான். அவர் "நேச்சார்" என்றார். இவன் முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்லிவிட்டு எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தான். அந்த அதிகாரத்தில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருமே, ஒவ்வொரு தடவையும் அவன்தான் சொல்ல வேண்டும் என்று அடம். ஜெபம் முடிய நேரமானது, யாருக்கும் அவசரம் இல்லை.

"வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" என்று உபாகமம் 6-ல் இருக்கிறதல்லவா? வீட்டில், வழியில், படுக்கையில், விடியற்காலையில் என்று போன் இன்று பிடித்து வைத்திருக்கிற நேரங்களும் அதே நான்குதான். நான்கையும் ஒரேயடியாக மீட்க முயற்சி செய்யாதே. ஒன்றைப் பிடி. எங்களுக்குப் படுக்கிற நேரம் அமைந்தது. உங்களுக்குப் பள்ளிக்குக் கூட்டிப் போகிற வழி சரிப்படலாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சமீபத்தில் வாசித்தேன். 19 பிள்ளைகள் பெற்று, அதில் பிழைத்த 10 பேரை வளர்த்தவர். போதகரான கணவருக்கு 1712-ல் எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கியிருப்பதைச் சொல்கிறார். வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. ஜான் வெஸ்லி வளர்ந்து பெரியவரான பிறகும், அந்த வியாழன் மாலையை மறக்காமல் தாய்க்கு எழுதியிருக்கிறார். அத்தனை பிள்ளைகள், வறுமை, கடன். அதற்கு நடுவில் அந்தத் தாய் நேரம் கண்டுபிடித்திருக்கிறார். உனக்கு இரண்டு பிள்ளைகள்தான். ஆளுக்கு ஒரு மாலை கொடு. புத்திமதி சொல்லாமல், மார்க் கேட்காமல், அவன் சொல்வதை மட்டும் கேள். உன் கேள்விக்கு நான் ஒரே ஒரு பதில்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதல் சில நாள் "போர் அடிக்குது" என்று பாட்டுப் பாடுவார்கள். பயப்படாதே, உடனே எதையாவது எடுத்து நீட்டாதே. எங்கள் இரண்டாவது பெண் ஒரு சனிக்கிழமை தரையில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, செய்ய ஒன்றுமே இல்லை என்று புலம்பினாள். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அலமாரியைக் குடைந்து பழைய ஆல்பத்தை எடுத்து வந்தாள். பாடகர் குழுவில் நாம் இரண்டு பேரும் நிற்கிற படம் அதில் இருக்கிறது. "இந்த அத்தை ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாங்க?" என்று கேட்டாள். உனக்குத் தொண்டை கட்டியிருந்ததையும், ஆனாலும் நீ மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றதையும் சொன்னேன். அவள் கேட்கக் கேட்க, இருட்டும்வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

சின்னவளுக்கு மூன்று வயதுதானே? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன வழிகாட்டுதல்படி, இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டு நேரத்து வீடியோவை முதலில் நிறுத்து. இரண்டு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் உன் அம்மாவோடு பேசுகிற வீடியோ காலை மட்டும் நிறுத்திவிடாதே. அங்கே ஒரு முகம் இவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. மருத்துவர்களும் அதைத் தனியாகத்தான் வைத்துப் பேசுகிறார்கள்.

ஆராதனையை டிவியில் பார்க்கிற பழக்கம் கொரோனா காலத்தோடு போய்விட வேண்டியது. முடியாதவர்களுக்கு அது ஆசீர்வாதம், உண்மை. நடக்க முடிந்த நாம் எழுந்து போக வேண்டும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

அண்ணனிடம் சண்டை போடாதே. அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்பது நிஜம்தான். மாற்கு 1-ல் இயேசு இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, சீமோன் தேடி வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றான். தேடுகிறார்கள் என்பதற்காக அவர் அங்கே ஓடவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். அந்தப் பகுதியை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். எந்த அழைப்பை எடுத்தே ஆக வேண்டும், எது காலைவரை காத்திருக்கும் என்று அவரே பிரித்துவிடுவார். பிள்ளைகளுக்கு விதி போடுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் ஒரே மனதாவது முக்கியம். "உங்கள் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயரில் பிதாக்களுக்குத்தானே எழுதியிருக்கிறது.

எங்கள் செய்தி: அத்தைக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, நன்றாகத் தெரிகிறது என்கிறார். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம். ஜெபத்தில் நினைத்துக்கொள். மூத்தவள் கல்லூரியில் சேர இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மூட்டு வலி பரவாயில்லை.

பெரியவனுக்கு எந்த மாலை என்று முடிவு செய்ததும் எனக்கு எழுது. அந்த நேரத்தில் நானும் உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் ஸ்தோத்திரத்தைச் சொல். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் தோழி