கோப்பு வேண்டாம், குறிப்பு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலீஸ் காவலில் இருப்பவரின் மருத்துவ விவரங்களை மருத்துவமனையும் காவல் நிலையமும் பகிர்ந்துகொள்வது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரம் போய்ச் சேராததால் உயிர் போகிறது என்று அது சொல்வது சரிதான். ஆனால் அதற்குப் பரிகாரமாக, நோயாளியின் மொத்தக் கோப்பையும் நிலையத்துக் கணினியிலேயே திறந்து பார்க்க வழி செய்யலாம் என்கிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான்.

தலையில் அடிபட்ட ஒருவரைக் காவலர்கள் அழைத்து வருவார்கள். தையல் போடுவோம். நினைவு தெளிவாக இருந்தால் டாக்டர் சீட்டில் ஒரே வரி எழுதுவார்: 'காவலில் வைக்கலாம்.' கூட வந்தவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். அப்புறம் அவருடைய ஷிஃப்ட் முடியும், சீட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். இரவு லாக்கப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு, உள்ளே இருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிகிறவர்களில் சிலர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் மயங்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறட்டை விட்டுத் தூங்குவதுபோலத்தான் இருக்கும்.

அந்த இரவுக் காவலருக்கு என்ன தெரிய வேண்டும்? பழைய நோய்களின் பட்டியலா? 'அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள். வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ உடனே கொண்டு வாருங்கள்.' இவ்வளவுதான். இங்கிலாந்து, வேல்ஸில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காவல் நடைமுறை விதிகளில் இதற்கென்றே ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அறைக்குள் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், லேசாக உலுக்க வேண்டும். பெயர் என்ன, வீடு எங்கே, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கையைத் தூக்கச் சொல்லி, பிறகு மறு கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். மது வாடை வருகிறதே என்று போதையாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோய், வலிப்பு, தலைக்காயம், பக்கவாதம் எதுவும் கூடவே இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. இதைச் செய்ய மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

குடியை நிறுத்துவதால் வரும் கோளாறும் அப்படித்தான். தினமும் நிறையக் குடித்துப் பழகியவருக்குக் குடி திடீரென்று நின்றால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் நடுக்கம், குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. அவர் லாக்கப்பில் இருக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான். முரண்டு பிடிக்கிறார் என்று அதட்டப்படுவார். இன்சுலின் போடுகிறவருக்கு ஒரு நாள் ஊசி தவறினாலே ஆபத்து.

அதே சமயம் எச்ஐவி மருந்து சாப்பிடுகிறவரை நினைத்துப் பாருங்கள். 'இந்த மாத்திரை இரவு 9 மணிக்கு, தவறக் கூடாது' என்றால் போதும். எதற்கான மாத்திரை என்பது நிலையத்தில் ஒருவருக்குத் தெரிந்தால், விடிவதற்குள் அடுத்த அறைக்கும் தெரிந்துவிடும். காசநோய் என்றால் தனி அறை வேண்டும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் மறைக்கக் கூடாது. மற்றபடி நோயின் பெயர் எதற்கு?

கோப்பு போகலாம் என்பவர்கள் சிறைகளைக் காட்டுகிறார்கள். 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின்படி, கைதி இடம் மாறும்போது மருத்துவக் கோப்பும் கூடப் போக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது போய்ச் சேர வேண்டியது அங்குள்ள மருத்துவப் பிரிவிடம். ரகசியமும் காக்கப்பட வேண்டும். எத்தனை காவல் நிலையங்களில் மருத்துவப் பிரிவு இருக்கிறது? அங்கே கோப்பு போனால், வழக்கை விசாரிக்கிற அதே அதிகாரியின் மேஜைக்குத்தான் போகும். மனநல சிகிச்சை, கருக்கலைப்பு, போதைப் பழக்கம் எல்லாம் அவர் கையில் கேள்விகளாக மாறிவிடும். அடித்ததாகப் புகார் இருந்தால் இன்னும் மோசம். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான 1999ஆம் ஆண்டு இஸ்தான்புல் நெறிமுறை, பரிசோதனை அறையில் போலீஸ் இருக்கக் கூடாது, அறிக்கையின் நகலையும் அவர்களிடம் கொடுக்கக் கூடாது என்கிறது.

எதிர்த் திசையில் வர வேண்டியதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எப்போது விழுந்தார், எதையாவது விழுங்கினாரா, மிளகு ஸ்ப்ரே அடித்தார்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 'வழுக்கி விழுந்துட்டார் சிஸ்டர்' என்பதுதான், அதுவும் நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே.

கணினி இணைப்பு வரட்டும். அதில் டாக்டர் எழுதிய ஒரு பக்கக் கவனிப்புக் குறிப்பு மட்டும் போகட்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பொறுப்பேற்பவர் படித்துக் கையெழுத்திடட்டும். ஒரு நகல் நோயாளி கையிலும் இருக்கட்டும். இது பற்றி மறுபடி எழுதும்போது, உயரதிகாரிகளோடு லாக்கப்பில் இரவுப் பணி பார்க்கும் ஒருவரையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்