ஆறு வாரம், ஆறு நாடு: கிளம்பும் முன் உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. ஜூன் நடுவில் கிளம்புகிறாய், ஜூலை கடைசியில் திரும்புகிறாய், ஆறு வாரத்தில் ஆறு நாடு, திரும்பும்போது மூன்று புத்தகத்துக்காவது கரு கையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். முதல் நாவலை முடித்த கையோடு இப்படி ஒரு கோடை வாய்ப்பது பெரிய விஷயம். கட்டாயம் போ. ஆனால் அந்த ஆறு நாட்டை இரண்டாகக் குறைத்துக்கொள், முடிந்தால் ஒன்றாக. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஜூலை முதல் வாரத்தில் நான் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிற விட்பி என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் போனேன். ஒன்பது நாள் தங்கினேன். கேப்டன் குக் இளம் வயதில் தொழில் பழகிய ஊர் அது, அவர் உலகம் சுற்றிய எண்டெவர் கப்பல் 1764ல் அங்கேதான் கட்டப்பட்டது. கப்பல் கட்டுகிற குடும்பம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் நேராக அங்கே போய் இறங்கினேன்.

முதல் நாளே ஊர் என்னைத் திருத்தியது. என் இரண்டாவது நாவலில் அந்தப் பக்கத்தில் நடக்கிற ஒரு காட்சி உண்டு, ஜூலை மாதம், இரவு எட்டு மணி, இருட்டில் ஒருவன் யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவான். ஊருக்கு மேலே, பாழடைந்த மடாலயத்துக்கும் புனித மேரி தேவாலயத்துக்கும் ஏறிப்போகிற 199 படிகளில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் இறங்கியது, பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது, கீழே பிள்ளைகள் இன்னும் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு அவன் அந்த வீட்டுக்குள் போயிருக்கவே முடியாது, தெருவே பார்த்திருக்கும். கடிகாரத்தில் மணியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. இருட்ட அவ்வளவு நேரமாகிற ஊரில் ரகசியம் வேறு மாதிரி நடக்கும், காத்திருப்பு வேறு மாதிரி இருக்கும், அந்த அத்தியாயத்தையே நான் வேறு விதமாக யோசித்திருக்க வேண்டும். அட்சரேகையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்தான். ஆனால் கணக்குப் போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதே ஊருக்கு 1890 கோடையில் பிராம் ஸ்டோக்கர் வந்தார். லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளர், குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர். ஊரைப் பார்த்ததும் அவருடைய டிராகுலா நாவல் உதித்தது என்று பலரும் சொல்வார்கள், அது சரியில்லை. அந்த நாவலுக்கான குறிப்புகளை அவர் அதே வருடம் மார்ச் மாதமே எழுதத் தொடங்கிவிட்டார், கதை ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் அதில் வருகிற பிரபுவுக்கு அவர் வைத்திருந்த பெயர் வாம்பயர். விட்பி நூலகத்தில் இன்றைய ருமேனியாப் பக்கத்து வாலாக்கியா, மால்டேவியா பகுதிகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் என்ற முன்னாள் தூதர் 1820ல் எழுதிய புத்தகம் கிடைத்தது. டிராகுலா என்ற பெயரை அதிலிருந்துதான் எடுத்தார்.

அந்த நாவலில் வருகிற கப்பலும் அப்படித்தான். 1885 அக்டோபரில் நார்வாவிலிருந்து வந்த டிமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் புயலில் விட்பி கரையில் மோதியது. ஐந்து வருடம் கழித்து அங்கே வந்த ஸ்டோக்கர் கடலோரக் காவல்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாவலில் அது வார்னாவிலிருந்து வருகிற டிமீட்டர் ஆனது, சரக்காக ஏற்றி வந்த வெள்ளி மணல் உட்பட. அந்தத் தேவாலயக் கல்லறைகளில் இருந்த பெயர்களை எழுதி வைத்தார், அதில் ஒன்று நாவலில் வருகிற கிழவருக்குப் போனது. உள்ளூர் வட்டார வழக்குச் சொற்களைப் பட்டியல் போட்டார். புத்தகம் வந்தது 1897ல், அதாவது ஏழு வருடம் கழித்து. இத்தனைக்கும் அந்தப் பிரபுவின் கோட்டை இருக்கிற டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை.

நானும் அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நடந்தேன். மணற்கல்லில் செதுக்கியவை, கடல் காற்று பலவற்றை அரித்து எழுத்தே இல்லாமல் ஆக்கிவிட்டது. அவர் படித்த பெயர்களை இன்று நான் படிக்க முடியவில்லை. அங்கே வெகுநேரம் நின்றேன்.

சரி, கப்பல் குடும்பம் என்ன ஆனது என்று கேட்பாய். ஐந்தாம் நாள் மழை. பானெட் பூங்காவில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன், மழை விட்டிருந்தால் போயிருக்கவே மாட்டேன். அங்கே ஜெட் என்று ஒரு கறுப்புப் பொருளில் செய்த நகைகள் கண்ணாடிப் பெட்டிகள் நிறைய இருந்தன. பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் அது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து இறுகிய மரம். 1861ல் ஆல்பர்ட் இளவரசர் இறந்து விக்டோரியா ராணி துக்க உடை உடுத்தத் தொடங்கியதும், நாடே துக்கத்துக்கு இந்த நகையை அணிய ஆரம்பித்தது. 1870களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சின்ன ஊரில் இதைச் செதுக்கிப் பிழைத்தார்கள், அடுத்த இருபது வருடத்தில் ஃபேஷன் மாறி எல்லாம் சரிந்தது. கடைசி மெருகுக்கு அவர்கள் சிவப்புப் பொடி போட்டுத் தேய்ப்பார்களாம். உலகத்தின் துக்கத்துக்குக் கறுப்பு நகை செய்கிறவன் கையெல்லாம் சிவப்பாக வீட்டுக்கு வருகிறான், அவன் மகள் கதவைத் திறக்கிறாள். அந்தக் கதவிலிருந்துதான் என் புது நாவல் தொடங்குகிறது. கப்பல் போய்விட்டது, எனக்கு வருத்தமில்லை.

இந்த மழையை நினைக்கும்போது 1816 கோடை ஞாபகம் வரும். முந்தைய வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர்கள் பைரன், ஷெல்லி கூட்டத்தோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்த மேரிக்கு (பின்னாளில் மேரி ஷெல்லி) அப்போது பதினெட்டு வயது, அவளுடைய பிராங்கென்ஸ்டைன் நாவல் அந்த அடைபட்ட நாட்களில்தான் தொடங்கியது. அப்புறம் ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற ஷாமொனி போய்ப் பனியாற்றைப் பார்த்தாள். நாவலில் படைத்தவனும் படைக்கப்பட்டதும் நேருக்கு நேர் பேசுவது அந்தப் பனியாற்றின் மேல்தான். உன் திட்டத்தில் மழைக்கு இடமே இல்லை, ஒரு நாள் கெட்டால் அடுத்த ரயில், அடுத்த ஊர், அடுத்த விடுதி எல்லாம் சேர்ந்து கெடும்.

சுடச்சுட எழுதியவர்கள் இல்லையா என்பாய். உண்டு. ஹெமிங்வே 1925 ஜூலையில் ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழா முடிந்த கையோடு ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ நாவலை எழுத ஆரம்பித்து இரண்டே மாதத்தில் முதல் படியை முடித்தார், அடுத்த வருடமே புத்தகம் வந்துவிட்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த வேகம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் கூட வந்த நண்பர்கள் அதில் தங்களை அப்படியே அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களில் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1959ல், தன் பக்கத்தைச் சொல்லத் தனியாக ஒரு நூலே எழுதினார். நீ சந்திக்கப் போகிறவர்கள் உன்னை நம்பி வீட்டுக்குள் கூப்பிடுவார்கள், குடும்பக் கதை சொல்வார்கள். நீ எழுதுகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மற்றபடி போனில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடு, ஆனால் இரவு படுக்குமுன் ஒரு பக்கமாவது கையால் எழுது, கதையாக வேண்டாம், அன்று காதில் விழுந்தது, விலாசம் கேட்டபோது அவர்கள் எதை அடையாளமாகச் சொன்னார்கள், கடை எத்தனை மணிக்கு மூடியது, இப்படி. ஊர் நூலகத்தில் பழைய உள்ளூர் செய்தித்தாள் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடு.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரம் முடிந்ததும் எனக்கு எழுது. அங்கே எத்தனை மணிக்கு இருட்டுகிறது, அது வரை தெருவில் யார் யார் இருக்கிறார்கள், அதை மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
அக்கா