ஜூன் 25: சேதுவுக்கு ஒரு கடிதம்

கோவில்பட்டி
27.6.2025

அன்புள்ள சேது,

நலம், நலமறிய ஆவல்.

புதன்கிழமை காலையில் நீ அனுப்பிய வாட்ஸ்அப் பட்டியல் வந்தது. ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்பு, கீழே இருபது வரி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸில் குப்பை கொட்டியவன் இதற்கெல்லாம் கடிதத்தில்தான் பதில் போடுவான் என்று உனக்குத் தெரியாதா? இன்லேண்ட் லெட்டரில் அடங்காது என்று தோன்றியது, அதனால் கவர்.

முதலில் பிறந்தநாள் வாழ்த்து, ரெண்டு நாள் லேட்டாக. அது உன் பிறந்தநாளே இல்லை என்பது வேறு விஷயம். 1969-ல் உங்கம்மா உன்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்த அன்றைக்கு, “எப்போ பொறந்தான்?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டாராம். “ஆடி அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி” என்றார்களாம் அம்மா. அப்படி எழுதினால் அஞ்சு வயசுக்கு ஒரு மாசம் குறைகிறது. அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், அன்றைய தேதியையே போட்டார், 25.6.1964. அன்றைக்கு வரிசையில் நின்ற நாலு பையன்களுக்கும் அதே தேதிதான். போன வருஷம் ஜூன் 30-ஆம் தேதி நாலு பேரும் நாலு ஆபீஸில் ஒரே நாளில் ரிட்டயர் ஆனீர்கள். உன் ஜாதகத்தில் இல்லாத ஒரு தேதி உன் சர்வீஸ் புத்தகத்தை மூடியது.

அதனால்தான் இந்த ‘வரலாற்றில் இன்று’ என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். தினமும் காலையில் ஆபீஸில் என் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. பழைய எண்ணை உருவி, புது எண்ணைச் செருகி, நோட்டில் ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். எண் தலைகீழாகச் செருகிப்போன நாளும் உண்டு. தேதி என்பது யாரோ ஒருவர் கையால் மாற்றுகிற சாமான் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

உன் பட்டியலையே எடுத்துக்கொள். மைக்கேல் ஜாக்சன் இறந்தது 2009 ஜூன் 25 என்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸில் அது பகல், நமக்கோ 26-ஆம் தேதி விடியாத நேரம். கொரியப் போரும் அப்படித்தான். 1950-ல் வடகொரியப் படை எல்லையைத் தாண்டியது 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வாஷிங்டனில் அப்போது 24-ஆம் தேதி பிற்பகல். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் வார இறுதிக்காகச் சொந்த ஊருக்குப் போயிருந்தார், போனில் சேதி வந்தது. தென்கொரியர்கள் அந்தப் போருக்கு இன்றைக்கும் ‘ஆறு-இரண்டு-ஐந்து’ என்றுதான் பேர் சொல்கிறார்கள். ஆறாம் மாதம், இருபத்தைந்து. நாட்டையே உலுக்கிய போருக்கு அவர்கள் வைத்த பெயர் வெறும் தேதி.

1975 அவசரநிலைக்கு உன் பட்டியல் 25 என்கிறது. சிலர் 26 என்று போடுகிறார்கள். ரெண்டும் சரிதான். ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டது 25 இரவு, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். மந்திரிசபைக்கே மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் சொன்னார்கள். அதற்குள் டெல்லி பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் பத்திரிகை அச்சகங்களுக்குக் கரண்ட் நிறுத்தியாகிவிட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணனை விடியுமுன் எழுப்பிக் கைது செய்தாகிவிட்டது. இந்திரா காந்தி ரேடியோவில் பேசியது 26 காலை. 26 என்று எழுதுகிறவன் பொய் சொல்லவில்லை, தூங்கி எழுந்து கேள்விப்பட்டவன்.

ஒரு வேடிக்கை கேள். மோதிஹாரியில், இன்றைய பீகாரில், அபினி இலாகா அதிகாரி ஒருவருக்குப் பிறந்த பிள்ளைதான் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். பிறந்தது 1903 ஜூன் 25. அரசாங்கம் உண்மையைத் திருத்தி எழுதும் கதையை 1949-ல் வெளியிட்டு, மறு வருஷம் ஜனவரியில் போய்ச்சேர்ந்தார். அவர் போய் இருபத்தைந்து வருஷம் கழித்து, அவர் பிறந்த நாட்டில், அவர் பிறந்த தேதியில் பத்திரிகைகளுக்குக் கரண்ட் நின்றது. யாராவது இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால், ரொம்ப இழுக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நமக்கு அப்போது பதினொரு வயது. தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி இருந்தவரை அவ்வளவாகச் சூடு தெரியவில்லை. 1976 ஜனவரி 31-ஆம் தேதி ஆட்சியைக் கலைத்தார்கள். அதன் பிறகுதான் விசாரணையில்லாமல் உள்ளே தள்ளும் மிசா சட்டம் நம் தெருவுக்கும் வந்தது. எங்கள் சித்தப்பாவை உனக்கு நன்றாக நினைவிருக்கும், அச்சாபீஸ் சித்தப்பா. கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த மனுஷன். ஒரு ராத்திரி போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது, ஒரு வருஷம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கோயிலில் திருவிழா நடந்தால் மைக்செட் பாட்டு அறைக்குள் தெளிவாகக் கேட்குமாம். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றாராம். அடி வாங்கியதைச் சொல்லாமல் பாட்டைச் சொல்கிறாரே என்று சித்திக்கு ஒரே ஆச்சரியம்.

இனி உன் கபில்தேவுக்கு வருகிறேன், அவசரப்படாதே.

1983 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஊரில் டிவி ஏது? சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அவருடைய டிரான்சிஸ்டரைச் சுற்றி நாம் பத்துப் பேர். அலை விலகும்போதெல்லாம் நீதான் ஏரியலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாய். 183-க்கு எல்லாரும் அவுட் என்றதும் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகாதவர்களுக்கும் நம்பிக்கை இருந்ததா என்ன? 1975, 1979 ரெண்டு உலகக் கோப்பையும் வாங்கிய வெஸ்ட் இண்டீஸ் எதிரே. நம் பக்கத்தில் அதிகபட்சமே ஸ்ரீகாந்த் அடித்த 38. ராபர்ட்ஸை ஒரு முழங்காலை மடித்து அவர் விளாசியதை நாம் பார்க்கவில்லை, பத்து வருஷம் கழித்து டிவியில்தான் பார்த்தோம். ஆனால் நீ அன்றைக்கே திண்ணையில் முழங்காலைப் போட்டுக் காட்டினாய், பார்த்த மாதிரி.

சந்துவின் பந்தை விட்டுவிடலாம் என்று கிரீனிட்ஜ் மட்டையைத் தூக்கினார், ஸ்டம்பு போனது. ரிச்சர்ட்ஸ் வந்து ஏழு பவுண்டரி அடித்து 33-க்கு வந்தபோது நம் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் மதன்லால் பந்து, பின்னாலேயே ஓடிப்போய்க் கபில் பிடித்த அந்தக் கேட்ச். ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் ஒன்றும் புரியவில்லை. ‘பிடிச்சானா, விட்டானா’ என்று நீ ஏரியலை உலுக்கியதில் ஸ்டேஷனே போய்விட்டது. திரும்பக் கிடைக்க ரெண்டு நிமிஷம் ஆனது. என் ஆயுளில் அவ்வளவு நீளமான ரெண்டு நிமிஷம் கிடையாது, என் கல்யாணத்தன்று தாலிக்கயிற்றைத் தேடியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

140-க்கு முடிந்தது, 43 ரன்னில் ஜெயித்தோம். கடைசியாக ஹோல்டிங்கை எல்பிடபிள்யூ எடுத்த மொகிந்தர் அமர்நாத்துக்கு 12 ரன்னுக்கு மூன்று விக்கெட். நம்மூரில் மணி நள்ளிரவை ஒட்டி. தெருவில் ஓடினோம், டீக்கடைக்காரரைத் தட்டி எழுப்பினோம். திரும்பிவந்தால் சித்தப்பா திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். “தேதி என்னடா?” என்றார். “இருபத்தஞ்சு, இல்ல இருபத்தாறு ஆகியிருக்கும் சித்தப்பா” என்றேன். சட்டைப்பையிலிருந்து அஞ்சு ரூபாயை எடுத்துக் கொடுத்து, “எல்லாரும் டீ குடிங்க” என்று சொல்லிவிட்டு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உனக்கு அவர் மேல் அன்றைக்குச் சரியான கோபம். ‘கட்சிக்காரனுக்குக் கிரிக்கெட் எங்கே தெரியும்’ என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் பட்டியலில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். அதே லார்ட்ஸ் மைதானம், அதே ஜூன் 25, அதே சனிக்கிழமை, வருஷம் மட்டும் 1932. இந்தியா தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது அன்றைக்குத்தான். சி.கே. நாயுடு கேப்டன். முகமது நிசார் சட்க்ளிஃபையும் ஹோம்ஸையும் ஸ்டம்பைச் சாய்த்து அனுப்ப, இங்கிலாந்து 19-க்கு மூன்று. கடைசியில் 158 ரன்னில் தோற்றோம், ஆனாலும் அந்த முதல் அரைமணி நேரத்தை நினைத்துப் பார். அதிலிருந்து ஐம்பத்தோரு வருஷம் கழித்து அதே புல்தரையில் கோப்பை. உன்னைப் போலக் கிரிக்கெட் வெறியன் இதைத் தவறவிடலாமா?

இன்னொன்று, இந்த வருஷம்தான் படித்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. 1978 ஜூன் 25, புவனஸ் அயர்ஸ், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினா 3, நெதர்லாந்து 1. கெம்பஸ் ரெண்டு கோல். ஆட்டம் 1-1 என்று இருந்தபோது, தொண்ணூறாவது நிமிஷத்தில் நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் கதை வேறு. கோப்பையை எடுத்துக் கொடுத்தவர் விதேலா, அப்போது அந்த நாட்டை ஆண்ட ராணுவத் தளபதி. அந்த மைதானத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் கடற்படையின் பள்ளிக்கூடம் ஒன்று. அதற்குள் அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர்களைக் கொண்டுவந்து அடைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து உயிரோடு திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில். அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மைதானத்தின் கூச்சல் கேட்டதாம். அவர்களும் அர்ஜென்டினாக்காரர்கள்தானே, தங்கள் நாடு ஜெயிப்பதை உள்ளேயிருந்தே கேட்டிருக்கிறார்கள்.

படித்தபோது மைக்செட் பாட்டு நினைவுக்கு வந்தது சேது. 1983-ல் அன்று ராத்திரி நாம் தெருவில் போட்ட கூச்சலும் சித்தப்பாவுக்கு அப்படித்தான் கேட்டிருக்குமோ என்னவோ. கேட்க அவர் இல்லை. கட்சிக்காரனுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று சொன்னோமே, மூணரை மணியிலிருந்து நள்ளிரவு வரை ஒரு பந்து விடாமல் கேட்டவர் அவர்தான். பேட்டரியும் அவர் காசு.

வி.பி. சிங் பிறந்ததும் 1931-ல் இதே நாள். அவருடைய நாற்பத்துநாலாவது பிறந்தநாள் ராத்திரிதான் அவசரநிலை வந்தது. அவரோ அப்போது இந்திரா அரசில் வர்த்தகத் துணை மந்திரி. அதே மனுஷன் பின்னால் காங்கிரசை எதிர்த்துப் பிரதமராகி, 1990 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மண்டல் கமிஷன் பரிந்துரையை, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீத இடஒதுக்கீட்டை, ஏற்கிறோம் என்று அறிவித்தார். அந்த 27 சதவீதத்தில் வேலை கிடைத்து எங்கள் ஆபீஸுக்கு வந்த பையன்கள் உண்டு, அதில் ரெண்டு பேருக்கு நான்தான் முத்திரை குத்தக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் சாவில் அவருக்கு அதிர்ஷ்டமில்லை. 2008 நவம்பர் 27-ல் போனார். மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரம், செய்தி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. 2023-ல் அதே தேதியில் சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். சென்னை போனால் பார், நான் இன்னும் பார்க்கவில்லை.

1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் இதே நாளில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு கோலோடு போதும் என்று பந்தைத் தள்ளித் தள்ளி விளையாடி, முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்த அல்ஜீரியாவை வெளியே அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். போகட்டும், எழுதினால் நீண்டுகொண்டே போகும்.

போன வருஷம் மத்திய அரசு ஜூன் 25-ஐ அரசியல் சாசனப் படுகொலை நாள் என்று அறிவித்திருக்கிறது. சித்தப்பா இருந்திருந்தால் அதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். வீட்டிலுள்ள சிவகாசித் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது பார்த்தேன். ஆனி 11, புதன், அமாவாசை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. கபிலும் இல்லை, இந்திராவும் இல்லை.

இங்கே மழை இல்லை, கரிசல் வெடித்துக் கிடக்கிறது. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, தைலமும் திட்டும் எனக்கு. சின்னவள் பெங்களூரில் வேலை மாறியிருக்கிறாள். சித்தப்பாவின் டிரான்சிஸ்டர் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி போட்டால் கொரகொர என்கிறது, ஏரியலைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

ஓசூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ்தான். உன் நிஜப் பிறந்தநாளுக்கு வா. ஆடி அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி, இந்த வருஷம் அது ஜூலை 21, திங்கட்கிழமை.

அன்புடன்,
ராசு