உதிர்கிற பாறையில் வேட்டு

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். நான் இப்போது ஸ்ரீநகரில் இருக்கிறேன். காஷ்மீர் என்று நினைத்துவிடாதே, உத்தராகண்டில் அலக்நந்தா ஓரத்து ஊர். ரிஷிகேஷ்–பத்ரிநாத் சாலையை அகலப்படுத்தும் வேலை.

'பிரீ-ஸ்பிளிட் வைத்தால் சரிவு சுவராட்டம் நிற்குமே, ஏன் வைப்பதில்லை?' என்று கேட்டிருந்தாய். ஓர வரிசைத் துளைகளை முதலில் வெடித்து, வெட்டும் கோட்டில் விரிசல் போடுகிற அந்த முறை உன் செங்கல்பட்டுச் சார்னோகைட் மாதிரி இறுகின கல்லில் நிற்கும். இங்கே ஃபில்லைட், ஏடு ஏடாகப் பிரிகிற கல். துளைக்குத் துளை ஒரே கோட்டில் விரிசல் ஓடிச் சேர்வதற்குள், வெடியின் வாயு பழைய வெடிப்புகளில் புகுந்து மலைக்குள் போய்விடுகிறது. அப்புறம் சுவர் சுத்தமாக வெட்டுப்பட்டதற்கு அடையாளமான அரைத்துளைத் தடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

துளை போடுவதே பெரும்பாடு. கம்பியை உருவினால் உதிர்ந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் விட்டால் தூள் குழம்பாகி, கம்பி முனையிலுள்ள பிட்டைப் பிடித்துக்கொள்ளும். காற்று விட்டால் பாதி வெடிப்பு வழியே போய், தூள் மேலே வராது. பிட்டும் ஏட்டின் போக்கிலேயே சாய்ந்து ஓடுவதால், மேலே சரியாக இருக்கும் இடைவெளி அடியில் இருக்காது. பி.வி.சி. குழாய் சொருகித்தான் வெடிமருந்துத் தோட்டா இறக்குகிறோம்.

அதைவிடத் தொல்லை, நடுவில் வரும் குவார்ட்சைட் என்ற கடினக் கல் பட்டை. மருந்தின் பலமெல்லாம் இளகின கல்லுக்குப் போய்விட, பட்டை மட்டும் வீட்டளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். கீழே யாத்திரை பஸ்கள் வரிசையாக நிற்கும்.

பொக்லைனும் பிரேக்கரும் பெயர்க்கிற கல்லில் வேட்டே கூடாது என்பது என் கட்சி. பட்டை வரும் இடத்தில் மட்டும், துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி டிலே கொடுத்துக் குறைந்த மருந்து வைக்கலாம். ஓர வரிசையை நெருக்கமாகத் துளைத்து மருந்தில்லாமல் விட்டுவிடலாம். ஒப்பந்தக்காரர் முகம் சுளிக்கிறார். அவருக்குப் பணம் வெட்டி அள்ளிய கன மீட்டருக்கு. பின்னால் மலை எவ்வளவு தூரம் தளர்ந்தது என்பது வேலையை அளந்து எழுதும் எம்.புக்கில் ஏறுவதில்லை. ஜூலை மழையில் அந்தத் தளர்ந்த பகுதிதான் சாலைக்கு வருகிறது.

இதே சாலையில் மேலே இருக்கும் ஜோஷிமட்டில் சரிவுப் பாறைகளைத் தோண்டியோ வெடி வைத்தோ எடுக்கக் கூடாது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதியது. 2023 ஜனவரியில் அங்கே வீடுகள் விரிசல் விட்டதை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். அது பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்த ஊர், இங்கே நிலைமை வேறு. ஆனாலும் வெடி என்றதும் கிராமத்தார் அந்த ஊர்ப் பெயரைத்தான் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீடுகளுக்கு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமான டி.ஜி.எம்.எஸ்.ஸின் அதிர்வு வரம்பையே வைத்துக்கொள்கிறோம்: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால், நிலம் அதிரும் வேகம் விநாடிக்கு 5 மி.மீ. உங்கள் குவாரியில் அதிர்வு அளக்கும் கருவியை வாடகைக்கு எங்கே எடுக்கிறீர்கள்? விவரம் எழுது. லீவு தீபாவளிக்குத்தான் கிடைக்கும். வந்ததும் முதலில் உன் வீடுதான்.

அன்புடன்,
ராகவன்