குதிரையின் முன்னங்காலை மாணவர் கையில் கொடுங்கள்

நான் படித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

முன்னாள் மாணவர்கள் போன ஆண்டு கொடுத்த மனு உங்களிடம்தான் இருக்கிறது. கேட்டது ஒன்றுதான்: முதலாண்டு மாணவர்கள் தொட்டுப் படிக்க, குதிரையின் முன்னங்கால் எலும்புகள் முழுத் தொகுதியாக. பதில் இல்லை. சென்ற மாதம் எங்கள் மலையூரில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை ஒன்று வலது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. புதிதாகப் பணிக்கு வந்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று. முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். அது முறிவே இல்லை. எல்லாக் குதிரைக்கும் அங்கே இருபுறமும் ஸ்பிளிண்ட் எனப்படும் மெல்லிய எலும்புகள் உண்டு; அவற்றுக்கும் பெரிய எலும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி அது. வலி குளம்புக்குள் இருந்தது. லாட ஆணி தப்பாக இறங்கி சீழ் பிடித்திருந்தது. குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சீழ் மேலேறி குளம்பின் மேல்விளிம்பில் உடைத்துக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை அந்த ஜீவன் மூன்று காலில் நின்றது. குதிரைக்காரருக்கு சீசன் வருமானமே போய்விட்டது.

அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் நீங்கள் கொடுத்தது மாட்டெலும்பு. மாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு மேலுள்ள எலும்புகள் ஒன்றாக இணைந்து, கீழ்முனையில் பிரிந்து இரண்டு விரல்களைத் தாங்குகின்றன. வெளிப்பக்கம் ஐந்தாவதன் எச்சமாக ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். குதிரைக்கோ மூன்றாவது விரல் மட்டும்தான். இரண்டாவதும் நான்காவதும் சிறுத்துப்போய், அவரைக் குழப்பிய அந்த ஸ்பிளிண்ட் எலும்புகளாக நிற்கின்றன. மாட்டின் ஒரு விரல் அழுகினால் அதை வெட்டி எடுத்துவிட்டு மற்றதில் நடக்க வைக்கலாம். குதிரைக்கு அந்த வழியே கிடையாது. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில் விழும் பிராணி அது.

‘மாடு, குதிரை முன்னங்கால் எலும்புகளின் வேறுபாடுகளை எழுதுக’ என்று தேர்வில் கேட்கிறீர்கள். தோள்பட்டை எலும்பில் அக்ரோமியன் என்ற முனை நீட்சி மாட்டுக்கு உண்டு, குதிரைக்கு இல்லை. முழங்காலுக்கு மேலுள்ள இரண்டு எலும்புகளில் அல்னா மாட்டுக்கு முழங்கால் வரை நீளும், குதிரைக்குப் பாதியிலேயே மற்ற எலும்பான ரேடியஸோடு ஒட்டி முடிந்துவிடும் என்று மாணவர்கள் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த எலும்பை அவர்கள் விரல் தொட்டதே இல்லை. படத்தில் பார்த்ததை வைத்து, வலியில் உதறும் ஒரு காலைத் தடவி எது இயல்பு, எது கோளாறு என்று எப்படிச் சொல்வார்கள்?

குதிரை என்றாலே பந்தயமும் பணக்காரர்களும்தான் என்ற நினைப்பு நம் துறையில் ஊறிக்கிடக்கிறது. பந்தயக் குதிரைக்குத் தனி மருத்துவர் வருவார். மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு யார் வருகிறார்கள்? அவற்றை வைத்திருப்பவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். அவர்களுக்கு மாட்டாஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பால் கறக்காத பிராணி என்பதால் அதன் வலி சின்ன வலியாகிவிடுமா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். புதிய முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு குதிரை முன்னங்கால் எலும்புத் தொகுதியை ஆய்வுக்கூடத்தில் வையுங்கள். மாட்டுக்காலோடு சேர்த்து வைத்துச் செய்முறைத் தேர்விலும் கேளுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. இயற்கையாக இறக்கும் குதிரையின் கால்களைத் தர எங்கள் ஊர்க் குதிரைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். உரிய பரிசோதனை முடித்து, எலும்பைச் சுத்தம் செய்து அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்து வேண்டியது எழுத்தில் ஓர் அனுமதி. தயவுசெய்து இந்த முறையாவது பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
மலையூர்க் கால்நடை மருத்துவர்