அது வீட்டுக்குச் சொல்றது, அக்கா

அக்கா,

அந்த ஃபோன் பேச்சுக்கு நாளையோடு ஒரு வருஷம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதனால் அதைத் தொடப்போவதில்லை.

அன்று ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 2018-இல் பிரிட்டன் தனிமைப் பிரச்சினைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது, 2021-இல் ஜப்பானும் நியமித்தது என்று போகிற கட்டுரை. ஆங்கிலத்தில் 'லோன்லினெஸ்' வேறு, 'சாலிட்யூட்' வேறு; முன்னது துணையில்லாமல் வாடுவது, பின்னது விரும்பித் தனியாக இருப்பது. இரண்டுக்கும் 'தனிமை' என்றே எழுதினால் வாக்கியம் படுத்துவிடுகிறது. பின்னதை ஏகாந்தம் ஆக்கிவிட்டேன். முன்னதற்குச் சொல் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ கூப்பிட்டாய். வேலை நேரத்தில் கூப்பிடுகிறாளே என்று எரிச்சல். ஆனால் எனக்குக் குறள் சொல்லிக்கொடுத்தவள் நீதானே, கேட்டுவிடலாம் என்று எடுத்தேன். அதற்காக மட்டும்தான் எடுத்தேன்.

பின்னால் யாரோ பேசுகிற சத்தம். யார் வந்திருக்காங்க என்றேன்.

"டிவிடா. பேச்சுச் சத்தம் இருக்கட்டும்னு போட்டு வெச்சிருக்கேன்."

என் சந்தேகத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் டிவி மட்டும் பேசியது. பிறகு, "வீடு வெறிச்சுனு இருக்குடா" என்றாய்.

"அது வீட்டுக்குச் சொல்றது, அக்கா. எனக்கு மனுஷனுக்குச் சொல்ற வார்த்தை வேணும்."

"ஓ" என்றாய். நாலு நிமிஷத்தில் வைத்துவிட்டோம்.

நான் கேட்ட சொல்லைத்தான் கொடுத்திருக்கிறாய். நம் பேச்சில் எவரும் "நான் தனிமையை உணர்கிறேன்" என்று சொல்வதில்லை. வீட்டின்மேல் போடுவோம், பொழுதின்மேல் போடுவோம். வெறிச்சுனு இருக்கு, பொழுதே போகமாட்டேங்குது, ஒரு மாதிரியா இருக்கு. ஜப்பானிய மொழியில் 'சபிஷீ' என்று ஒரு சொல். தனியாகக் கிடப்பவர் சொல்வதும் அதுதான், பிரிந்து போகிறவரிடம் 'நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கும்' என்று சொல்வதும் அதுதான். இதையெல்லாம் தேடிப் படித்தவனுக்கு அக்கா பேசிய தமிழ் விளங்கவில்லை.

ஆனால் நீயும்தான். "வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேனா? என்னிடம் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் "அவனுக்கு ஏது நேரம்" என்றாயாமே. அது என் காதுக்கு வராது என்று நினைத்தாயா? நீ வாய் திறக்காததற்கெல்லாம் நான்தான் உரை எழுத வேண்டுமா?

கோபத்தில் எழுதியதுதான். அழிக்கவில்லை.

'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்ற ஔவையின் அடியைப் போட்டுக் கட்டுரையை முடித்துக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் வள்ளுவர் இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை: 'இன்னாது இனன்இல்ஊர் வாழ்தல் அதனினும் இன்னாது இனியார்ப் பிரிவு', 1158-ஆவது குறள். 'இனன்' என்பதை 'இனம்' என்று சொல்லி உன்னிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். நமக்கென்று யாரும் இல்லாத ஊர், வேண்டியவரின் பிரிவு. உனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன. இதற்குமேல் இங்கே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி வரலாம் என்றிருக்கிறேன். கதவைத் திறக்கப்போவதில்லை என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு. வீட்டின்மேல் போட்டுச் சொல்லாதே.

உன் தம்பி